ஆறப் போட்ட கால்

"ஆறவே மாட்டேங்குது, மாஸ்டர்."

இதைச் சொன்னபோது சூசைமிக்கேலின் இரண்டு காலும் மீன் பெட்டிக்குள் இருந்தன. பெட்டி நிறைய நொறுக்கின ஐஸ். அதில் முழங்கால் வரைக்கும் முங்கி உட்கார்ந்திருந்தான். பல் கிடுகிடுவென்று அடித்தது. அப்படியும் வாயை மூடவில்லை.

"எது ஆறல?" என்று கேட்டாள் தங்கமாரி.

"கால்தான். வலது கால்."

தங்கமாரிக்கு இருபத்தாறு வயது. மிக்கேலுக்கு நாற்பது ஆகப்போகிறது. விசைப்படகு டிரைவர். துறைமுகத்தில் அவன் ஒரு சத்தம் போட்டால் நாலு போட் தள்ளி நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட ஆள் இந்தப் பெண்ணை மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். அவள் அவனை அண்ணே என்பாள். யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. ஓட்டம் கற்றுக்கொடுக்கிறவர் மாஸ்டர். அதில் வயசு என்ன, ஆண் பெண் என்ன.

அவள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விடியற்காலையில் உப்பளத்து ரோட்டில் துறைமுகத்து ஆட்களை ஓடவிடுவாள். நீள ஓட்டம் முடிந்த அன்று எல்லாரும் ஐஸ் பிளான்ட்டுக்கு வந்து, உதவாத பழைய பெட்டிகளில் காலை விட்டு உட்கார வேண்டும். வீக்கம் வற்றும். சதைவலி குறையும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது அழுகை வராது. அவ்வளவுதான் அதன் வேலை. அதையும் அவள் சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

ஐஸ் நொறுக்குகிற மெஷினைப் பார்த்துக்கொள்பவன் வியாகப்பன். அவனுக்கு இது ஒரு கூத்து.

"மீனுக்குப் போடுத ஐஸை மனுசன் காலுக்குப் போடுதேன். நாளைக்கு இவனையும் தூக்கி ஏலத்துல வச்சிருவேன், மாஸ்டர். யாராவது நெத்திலின்னு நெனச்சு எடுத்துட்டுப் போவட்டும்."

"ஏல, நான் நெத்திலியால?"

"காலைப் பாரு. நெத்திலிக்கே கொஞ்சம் சதை உண்டும்."

தங்கமாரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எங்க வலிக்குது, காட்டுங்கண்ணே."

மிக்கேல் வலது காலை வெளியே எடுத்தான். சிவந்துபோய், ஆவி பறந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன் எலும்பு மேல், ஆள்காட்டி விரலை வைத்தான்.

"இங்க."

"கையை வச்சுக் காட்டுங்க."

"கையெல்லாம் வேண்டாம் மாஸ்டர். இங்கதான். கரெக்டா இங்க."

விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே இடம்.

தங்கமாரி சிரிப்பை நிறுத்தினாள். ஓடுகிற ஆட்கள் எல்லாருக்கும் கால் வலிக்கும். எங்கே என்று கேட்டால் கெண்டைக்கால் முழுக்கத் தடவிக் காட்டுவார்கள். விரல் வைத்துக் காட்டுகிற வலி வேறு. அது சதையில் இருக்கிற வலி இல்லை.

"முன்னாடியே வலிக்குதுன்னு சொன்னீங்கல்ல. அன்னைக்கே நான் ஒண்ணு சொன்னேனே."

"சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"கொஞ்ச நாளைக்குக் காலை ஆறப் போடுங்கண்ணேன்னு சொன்னீங்க."

"போட்டீங்களா?"

மிக்கேலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கீங்க? காலையில ஒரு தடவை. சாயந்திரம் ஒரு தடவை. ஒரு நாள்கூட விடல. இந்த வியாகப்பனைக் கேளுங்க. ஏல, சொல்லுல."

"ஆமா மாஸ்டர். நெதம் வந்துருவான். நான் கதவைத் தொறக்கு முன்னாடி வந்து நிப்பான்."

தங்கமாரிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை.

"வந்து?"

"வந்து ஐஸ்ல காலை விடுவேன். நல்லா ஆறும். வலி போயிரும். போனதும் ஒரு ஓட்டம் ஓடிருவேன். மறுபடி வலிக்கும். சாயந்திரம் வந்து மறுபடி ஆறப் போடுவேன்."

"தினமுமா?"

"தெனமும்தான். நீங்க சொன்னா நான் தட்ட மாட்டேன் மாஸ்டர்."

வியாகப்பன் மெஷினை நிறுத்தினான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏல மடையா! ஆறப் போடுன்னா ஓடாம சும்மா கெடன்னு அர்த்தம்ல! ஒரு சண்டைன்னா ஆறப் போடுன்னு சொல்லுவாவள்லா? அதைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டிக்குள்ளயா வைப்பே?"

"காப்பி ஆறும்லால? அது எப்படி ஆறும்? சூடு போனாத்தானே ஆறும்? காலு சூடா இருந்துச்சு. ஆறப் போடுன்னு சொன்னாவ. போட்டேன்!"

"புண்ணும் ஆறும்ல!"

"அதுக்கும்தான் போட்டேன்!"

வியாகப்பன் உட்கார்ந்தே விட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தங்கமாரி சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என் தப்புதாண்ணே. ஓடாதீங்கன்னு பச்சையா சொல்லியிருக்கணும்."

இதைக் கேட்டதும் மிக்கேலுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. மாஸ்டர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். மாஸ்டர் தன் தப்பு என்று சொன்னால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"அப்படி என்ன ஆயிருச்சு மாஸ்டர்?"

"எலும்புல கீறல் விட்டிருக்கலாம். படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"ஞாயித்துக்கிழமை?"



ஞாயிற்றுக்கிழமைதான் மராத்தான். முழு மராத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வருஷா வருஷம் நடக்கிறதுதான். வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், டாக்டர்கள், அனல் மின் நிலையத்து இன்ஜினியர்கள் எல்லாம் விலை கூடின ஷூ போட்டுக்கொண்டு மீனவர் காலனி வழியாக ஓடுவார்கள். காலனி ஆட்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், மோர் கொடுப்பார்கள். இதுவரைக்கும் காலனியிலிருந்து ஒருத்தன்கூட அந்தக் கூட்டத்துக்குள் இறங்கி ஓடினதில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக மிக்கேல் பேர் கொடுத்திருந்தான்.

சும்மா இருப்பார்களா? தெரு முக்கில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மிக்கேல் கூலிங் கிளாஸ் போட்டுக் கைகட்டி நிற்கிறான். பக்கத்தில் ஒரு சிறுத்தை பாய்கிறது. 'தண்ணியிலும் நம்ம ஆளு, தரையிலும் நம்ம ஆளு' என்று மேலே எழுதியிருக்கிறது. சிறுத்தை நன்றாக இருந்தது. மிக்கேல் முகம்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்தது. போட்டோவைப் பெரிசு பண்ணினதில் வந்த கோளாறு. அவன் அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்ப் பார்த்தான் என்பதைச் சொன்னால் அவனுக்குத்தான் அசிங்கம்.

"ஃபிளெக்ஸ் வச்சாச்சு, மாஸ்டர்."

"பாத்தேன்."

"சாமியார் பூசையில என் பேரைச் சொல்லி ஜெபிச்சாரு."

"கேள்விப்பட்டேன்."

"எம் மாமனார் எங்கிட்டப் பேசி எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா? நேத்து வந்து, மருமவனே எப்ப ஓட்டம்னு கேட்டாரு. நான் எப்படி மாஸ்டர் ஓடாம இருப்பேன்?"

தங்கமாரி அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஆள் புயல் நேரத்தில் போட்டைக் கரை சேர்த்தவன் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். இப்போது ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பரீட்சை எழுத விடமாட்டேன் என்று சொல்லப்பட்ட பையன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"எலும்பு முழுசா விட்டுருச்சுன்னா அப்புறம் போட்ல எப்படிண்ணே நிப்பீங்க?"

"அதெல்லாம் விடாது."

"ஆடுற போட்ல வீல் பிடிச்சு நிக்கணும்லண்ணே."

"விடாதுன்னு சொல்லுதேன்லா!"

பெட்டிக்குள்ளிருந்து எழுந்தே விட்டான். ஐஸ் சலசலவென்று கீழே கொட்டியது.

"இப்பப் பாருங்க. இந்தா, வலி இருக்கா? இல்ல. கொஞ்சங்கூட இல்ல. ஓடிக் காட்டவா?"

"அண்ணே, வேண்டாம்..."

அவன் காதில் அது விழவில்லை. பெட்டியைத் தாண்டிக் குதித்தான். வெறுங்காலோடு, பிளான்ட்டை ஒட்டின ஏலக்கூடத்துச் சிமென்ட் தரையில் ஓட ஆரம்பித்தான். காலை ஏலம் முடிந்து தரை ஈரமாகக் கிடந்தது. கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடினான். திரும்பினான். திரும்பி வரும்போது கையை வேறு விரித்துக்கொண்டு வந்தான், ஏதோ கயிற்றை அறுத்துக்கொண்டு முதலாவதாக வருகிற மாதிரி.

மாஸ்டர் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி? வலியே இல்ல. கல்லு மாதிரி இருக்கு காலு."

"திரும்பிப் பாருங்கண்ணே," என்றாள் தங்கமாரி.

திரும்பிப் பார்த்தான்.

அவன் ஓடின வழியெல்லாம் சிவப்பு. ஒரு கால் தடம் விட்டு ஒரு கால் தடம். ஈரத் தரையில் அது கலங்கிப் பரவிக்கொண்டிருந்தது. யாருடைய ரத்தம் என்று ஒரு நொடி அவனுக்குப் புரியவில்லை. யாரோ மீன் வெட்டினார்களோ என்றுகூட நினைத்தான்.

"ஐயோ அண்ணே, ஒங் கால்ல!" வியாகப்பன் கத்தினான். அவசரத்தில் 'ஏல' எல்லாம் போய் மிக்கேல் அண்ணன் ஆகிவிட்டான்.

மிக்கேல் காலைத் தூக்கிப் பார்த்தான். இடது உள்ளங்காலில் உடைந்த சிப்பி ஓடு ஒன்று குத்தி நின்றது. பாதி உள்ளே போயிருந்தது.

"துணி எடுத்துட்டு வாறேன்," என்று வியாகப்பன் பிளான்ட் ஆபீஸைப் பார்த்து ஓடினான்.

தங்கமாரி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன் கூடை மேல் மிக்கேலை உட்காரவைத்தாள். சிப்பியை ஒரே இழுப்பில் எடுத்தாள். மிக்கேல் முகம் சுளிக்கவில்லை. அவள் இழுத்ததே அவனுக்குத் தெரியவில்லை.

"வலிச்சுதா?"

"இல்ல. ஐஸ்ல மரத்துல்லா போயிருக்கு. எப்படித் தெரியும்?"

"ம்," என்றாள் தங்கமாரி.

வியாகப்பன் துணியோடு வரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் உள்ளங்காலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த 'ம்' மிக்கேலுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் என்னமோ இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்ததினாலேயே அவனுக்கு இன்னும் வீம்பு கூடியது.

"இது சிப்பி. அது எலும்பு. இதையும் அதையும் முடிச்சுப் போடாதீங்க."

"நான் எதையும் முடிச்சுப் போடலண்ணே. துண்டைத்தான் முடிச்சுப் போடுறேன்."

"இடது காலுதான் வெட்டுச்சு. வலது காலு நல்லாத்தான் இருக்கு."

"சரி."

"ஞாயித்துக்கிழமை ஓடத்தான் செய்வேன்."

"சரி. ஓடுங்க."

மிக்கேல் திடுக்கிட்டான். தடுப்பாள் என்று எதிர்பார்த்தான். தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பான். சண்டை போடத் தயாராக உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சரி என்று சொல்லிவிட்டால் அவன் என்னதான் பண்ணுவான்?

"நெசமாவா சொல்லுதீங்க?"

"உங்க கால். உங்க ஓட்டம். நான் பிடிச்சுக் கட்டவா முடியும்? நீங்க ஓடினா நானும் வந்து வழியில நிப்பேன். தண்ணி வேணும்னா தர்றேன்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ பண்ணியது.

 எதிரே துறைமுகத்து மேடையை ஒட்டி விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அதற்கு அந்தப் பக்கம் கடல், தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி, அலையே இல்லாமல் கிடந்தது.

"அண்ணே, எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"நாளைக்கு விடியக்காலம் உங்க போட்ல என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலை போட்டு மீன் பிடிக்கிறதைப் பக்கத்துல இருந்து பாக்கணும். இந்த ஊருக்கு வந்து இவ்வளவு நாளாச்சு, ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

மிக்கேல் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

"மாஸ்டர், தடைக்காலம்லா? ஏப்ரல்ல கட்டுன போட்டு. ஜூன் பாதி வரைக்கும் நாட்டுப் படகு மட்டும்தான் போவும், ஒரு விசைப்படகும் போவாது. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எதுக்குத் தடை?"

"இதென்ன கேள்வி? மீனு முட்டையிடுத நேரம். குஞ்சு பொரிச்சு வளரணும். இப்பப் போய் இழுத்தா எல்லாம் அழிஞ்சிரும்."

"கடலைப் பாத்தா அப்படி ஒண்ணும் தெரியலையே. எவ்வளவு அமைதியா இருக்கு."

"மேலாகப் பாத்தா தெரியுமா, மாஸ்டர்? எல்லாம் உள்ளல்லா நடக்கு."

"ஒரே ஒரு தடவைதாண்ணே."

"ஒரு தடவையும் கெடையாது."

"எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கடலுக்குப் போறேன்னு. எங்கம்மா தெரு பூராச் சொல்லிட்டாங்க. இப்பப் போகலன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்! நாலு பேரு சிரிப்பாங்கன்னு கடலைக் கெடுக்க முடியுமா?"

அவனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. குரல் ஏலக்கூடத்துக் கூரையில் போய் முட்டியது. கடல் விஷயத்தில் அவன் அப்படித்தான். போன வருஷம் தடைக்காலத்தில் திருட்டுத்தனமாக வலையை ஏற்றின ஒருத்தனைச் சட்டையைப் பிடித்து இறக்கினவன் அவன். நல்ல மாஸ்டர் என்று நினைத்த பெண் இப்படிக் கேட்கிறாளே என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"சின்னப் புள்ள மாதிரிக் கேக்கீங்களே மாஸ்டர். நாங்க மட்டும் ஆசையாவா கட்டிப் போட்டுருக்கோம்? கை அரிக்கும். கரையில கெடக்க முடியாது. பொண்டாட்டி ஏசுவா. இருந்தாலும் பேசாம இருக்கோம்லா? அது தன்னால ஊறி வரணும் மாஸ்டர். அவசரப்பட்டு ஒரு நாள் இறங்குனீங்கன்னா, அந்த ஒரு நாளோட போயிராது. அப்புறம் கால..."

காலம்பூரா வெறுங்கடல்தான் என்று சொல்ல வந்தான்.

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

தங்கமாரி துண்டின் கடைசி முடிச்சை இறுக்கினாள். தலை நிமிரவில்லை.

"சொல்லுங்கண்ணே. அப்புறம் கால?"

மிக்கேல் குனிந்து, வலது காலை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி, தூங்குகிற பிள்ளையை இறக்கிப் போடுகிற மாதிரி, மெதுவாகப் பக்கத்துக் கூடை மேல் வைத்தான்.